சாம்பல் தாளில் லாய்தி

அம்மாவின் முகத்தை மறுபடியும் தன் பக்கம் திருப்பி வைத்தாள் ருன்ஷியா. தலையணை ஓரத்தில் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்தாள். கையை எடுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அந்த முகம் இடது பக்கம், ஜன்னலைப் பார்த்து மெதுவாகத் திரும்பிக்கொண்டது. முகவாய் லேசாக உயர்ந்தது. அதற்கப்புறம் அசைவில்லை.

"என்னப் பாக்கவே பிடிக்கலையாம்மா?"

பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டாள். பேச்சு போய்விட்டது. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். ஜன்னல் பக்கமாகப் போய் உட்காரலாமென்றால் அங்கே ஆக்ஸிஜன் உருளையும் அடுத்த கட்டிலும் இடித்துக்கொண்டு நின்றன.

சலைன் மாற்ற வந்த நர்ஸ் துண்டை உருவிப் போட்டாள். "கழுத்தப் புடிச்சு முறுக்காதீங்க. மூளைல எந்தப் பக்கம் ரத்தம் கசிஞ்சுதோ பார்வை அந்தப் பக்கம்தான் போவும். அதுக்கு வேற அர்த்தமெல்லாம் கிடையாது."

அவள் போனதும் கதவோரம் காத்திருந்த யென் கிழவர் உள்ளே வந்தார். மார்பு வரை வெள்ளைத் தாடி, கையில் தாமரைக்கிழங்குக் கஞ்சி இருந்த பிளாஸ்க். அம்மா லாய்தி வேலை பார்த்த ஓவியப் பயிற்சிக்கூடத்தில் அவரும் மாடல்தான். ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஒருநாள் அவருடைய தாடி, ஒருநாள் லாய்தியின் சுருக்கங்கள் என்று முறை வைத்து உட்கார்ந்தவர்கள்.

"அந்தப் பொண்ணு படிச்சத அது சொல்லுது," என்றார் யென். "எனக்குத் தெரிஞ்சத நான் சொல்றேன். இது போஸ் குடுக்குறதும்மா. மேடைமேல உங்கம்மா நாற்காலி இருக்கே, அதுல உக்காந்து முகத்துல வெளிச்சம் வாங்கணும்னா இப்படித்தான் திரும்பணும். இத்தன வருஷம் இப்படியே இருந்த கழுத்து, இனிமே உனக்காகவா மாத்திக்கும்?"

ருன்ஷியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மறுபடி முகத்தைத் திருப்பவும் இல்லை.

யென் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஈ வந்து மூக்குல உக்காந்தாலும் அசைய மாட்டா. ஒரு தடவ குளவியே வந்துச்சு. பசங்கல்லாம் பென்சிலப் போட்டுட்டு வெளிய ஓடிட்டானுங்க. இவ மட்டும் உக்காந்திருக்கா. குளவி போனப்புறம் கேக்குறா, 'ஏன்டா, பாதி மூக்கோட விட்டுட்டுப் போயிட்டீங்களே'ன்னு."

"அன்னிக்கு விழுந்தப்ப நீங்க இருந்தீங்களா மாமா?"

"எங்க விழுந்தா? விழவே இல்லயே. அதானே பாவம்." அவர் தாடியை நீவிக்கொண்டார். "உக்காந்தபடியேதான் இருந்தா. முன்வரிசையில ஒரு பொண்ணு. வாயோட ஒரு பக்கம் எறங்குறாப்ல தெரிஞ்சிருக்கு. தான்தான் தப்பாப் போட்டுட்டோம்னு அழிச்சு அழிச்சு வரைஞ்சிருக்கு. மறுபடி பாத்தா இன்னும் எறங்கியிருக்கு. அப்புறம்தான் கத்துச்சு."

ருன்ஷியா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை கனத்தது. இந்தக் கையை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது இதற்கு முன் எப்போது என்று யோசித்தாள். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

அப்பா கட்டட வேலையில் சாரம் சரிந்து இறந்தபோது அவளுக்குப் பத்து வயது. ஆன்ஹுய் மலையடியிலிருந்த பெரியப்பா வீட்டில் அவளை விட்டுவிட்டு, வீட்டு வேலைக்கென்று லாய்தி ஹாங்சோவுக்கு வந்தாள். பெருக்கித் துடைக்கப் போன இடம் ஓவியப் பயிற்சிக்கூடம். ஒருநாள் வரவேண்டிய கிழவி வரவில்லையென்று துடைப்பத்தைக் கீழே வைக்கச் சொல்லி இவளை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவள்தான். ஊரெல்லாம் புத்தாண்டுக்கு வீடு திரும்பும் நாள்கள்தான் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருக்கும் நாள்கள். எல்லார் வீட்டு அம்மாவும் மூட்டை முடிச்சோடு பேருந்திலிருந்து இறங்கும்போது ருன்ஷியாவின் அம்மா ஏதோ ஒரு மேடையில் யாருடைய பிள்ளைகளுக்கோ முகம் கொடுத்துக்கொண்டிருப்பாள். கடைக்காரியின் போனிலிருந்து கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓயும். "எடுக்கலடி, போ," என்பாள் கடைக்காரி. சாயங்காலம் அம்மாவே கூப்பிடுவாள். "உக்காந்திருந்தேன்டி, எடுக்க முடியல." பெரியம்மா பின்னாலிருந்து நொடிப்பாள். "துணி போட்டுட்டு உக்காந்திருந்தாளா, போடாமயான்னு கேளு." அதை ஒருதடவை அம்மாவிடமே கேட்டும்விட்டாள். லாய்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்த எலும்பப் பாக்க எவன்டி வரப்போறான்? கோட்டு, மஃப்ளர், தொப்பி எல்லாத்தோடயும்தான் உக்காரவெக்கிறானுங்க. துணி மடிப்பு வரைஞ்சாத்தான் மார்க்காம்."

மதியத்துக்குமேல் மூச்சின் சத்தம் மாறியது. யென் எழுந்துபோய் நர்ஸைக் கூட்டிவந்தார். திரையை இழுத்தார்கள். ருன்ஷியா அம்மாவின் பாதங்களை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாதம் முடிந்து அடுத்ததை எடுத்தபோது நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். ருன்ஷியா நிமிரவில்லை. அந்தப் பாதத்தையும் விரலிடுக்கு விடாமல் துடைத்து, காலுறை போட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

அவளுக்கு ஊரில் சொந்தமாக முடிதிருத்தும் கடை உண்டு. பையில் சீப்பும் முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் எப்போதும் கிடக்கும். அம்மாவின் தலைமுடியை வகிடெடுத்து, பின்னால் தள்ளி வாரினாள். உச்சியில் ஒரு சுழி இருந்தது. தனக்கும் அதே இடத்தில் சுழி உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் உண்டு என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஈமச்சடங்கு மண்டபத்து ஆள் கறுப்புக் கோட்டில் வந்து, மெதுவான குரலில் எல்லாம் கேட்டுக்கொண்டான். "அஞ்சலி மேடைல வெக்கப் படம் வேணும். நல்லா, நேராப் பாக்குற மாதிரி. இருக்கா?"

போனைத் துழாவினாள். ஒரு படத்தில் மீன் குழம்புச் சட்டிதான் முன்னால், அம்மா பின்னால் மங்கலாக. இன்னொன்றில் பாதிக் காது. கடைசியாகத் திருமணத்தில் எடுத்த குடும்பப் படம், அதில் அம்மா கண்ணை மூடியிருந்தாள். மிஞ்சியது அடையாள அட்டை. அதில் இருந்தவளைத் திருடி என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

யென் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "உங்கம்மா முகத்துக்கா பஞ்சம்? கெளம்பு."

பயிற்சிக்கூடம் தேயிலைக் குன்றுகளுக்குக் கீழே, பழைய குடைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் பொன்மல்லி மரங்கள் பூத்து, வாசனை தொண்டையை அடைத்தது. உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை போய், மரத்தூளும் கரித்தூளும் கலந்த நெடி. நாலாம் அறையில் ஐம்பது அறுபது பிள்ளைகள் சட்டங்களுக்குப் பின்னால் நின்று வரைந்துகொண்டிருந்தார்கள். பிளேடால் நீளமாகச் சீவிய கரிப் பென்சில்கள் தாளில் உரசும் சத்தம், பட்டுப்புழு இலை தின்னும் சத்தம்போல ஓயாமல் கேட்டது. மேடையில் யாரோ ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். லாய்தியின் நாற்காலிதான் அது என்று யென் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

குவாங் டீச்சர் வரிசைகளுக்கு நடுவே கத்திக்கொண்டு போனாள். நாற்பது வயதுக்காரி. கிராப்புத் தலை, சிகரெட் குடித்துத் தேய்ந்த குரல். "தாளே சாம்பலாத்தானே இருக்கு? அது போதும்னு கன்னத்த விட்டு வைக்கத் தெரியாதா? எல்லாத்தையும் கரியப் போட்டு ரொப்புனா மூச்சு எங்கேருந்து வரும்? கறுப்பு எங்க வேணுமோ அங்க மட்டும் அழுத்து. வெள்ளச் சுண்ணக்கோலு கடைசில. உப்பு மாதிரி, கொஞ்சூண்டு. மூக்கு யாருக்கு வேணும்? அந்த ஆளு என்ன நெனச்சுட்டு உக்காந்திருக்காரோ அத வரை!"

யெனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். ருன்ஷியாவைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. முகவெட்டு அப்படி. எதுவும் கேட்காமல் பின்னாலிருந்த அறைக்குக் கூட்டிப்போனாள்.

சுவர் முழுக்க மரத் தட்டுகள். டீச்சர் கட்டுக் கட்டாக எடுத்து மேசையில் பரப்பினாள். "நல்லா வந்தத மட்டும் நாங்க வெச்சுக்குவோம். பசங்க எடுத்துட்டுப் போனது எந்தெந்த ஊர்ல கெடக்குதோ. வேணும்கிறத எடுத்துக்கோங்க. எல்லாமேகூட." சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ருன்ஷியா ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

சாம்பல் தாளில் அம்மா. தவிட்டு நிறத் தாளில் அம்மா. மேலே போகப் போக வயதானாள், கீழே போகப் போக இளமையானாள். ஒருத்தன் அவளைக் கோபக்காரியாக வரைந்திருந்தான். ஒருத்திக்கு அவள் கள்ளச் சிரிப்புக்காரி. ஒரு படத்தில் முகமே பாதிதான், மீதியெல்லாம் மஃப்ளர். அம்மாவுக்கு முதல் நரை எந்த வருஷம் விழுந்தது என்று ருன்ஷியாவுக்குத் தெரியாது. இங்கே பெயர் தெரியாத ஒரு பிள்ளை அதைப் பார்த்து, நெற்றிக்கு மேலே வெள்ளைச் சுண்ணக்கோலால் ஒரே கோடாக இழுத்து வைத்திருந்தது. ஊருக்கு வராத புத்தாண்டுகளெல்லாம் இங்கே அடுக்கில் கிடந்தன. கன்னம் ஒட்டிய வருஷம், பல் கட்டிய வருஷம், இமை தொங்க ஆரம்பித்த வருஷம். தான் இரண்டு பார்வைக்கு ஏங்கிய முகத்தை இத்தனை பேர் கண்கொட்டாமல், சலித்துப்போகும் வரை பார்த்திருக்கிறார்கள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஆனாலும் புரட்டுவதை நிறுத்த முடியவில்லை.

"அக்கா."

வாசலில் ஒரு இளைஞன் நின்றான். பிள்ளைகளைவிடப் பெரியவன், மீசை வைத்திருந்தான். "நான் லௌ. அத்தைய ரொம்ப நாளா வரைஞ்சவன் நான்தான். நாலு தடவ பரீட்சை எழுதிட்டேன், இன்னும் எவனும் எடுத்துக்கல. இந்த வருஷமும் ஃபெயிலானா உன்னயும் என் பக்கத்துல மாடலா உக்காரவெச்சிடுவேன்னு அத்தை சொல்லும்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கையில் சுருட்டிய தாள் ஒன்று இருந்தது. "இது கட்டுல இருக்காது. டீச்சர் இத ஒதுக்கிட்டாங்க. மார்க் ரொம்பக் கம்மி."

விரித்தான். சாம்பல் தாள். தலையும் தோளும்தான். கோட்டை நாலைந்து கோடுகளில் விட்டிருந்தான். கன்னத்தில் கரியே இல்லை, வெறும் தாள்தான். ஆனால் கழுத்து நரம்பு இழுபட்டிருந்தது. உதட்டோரத்தில் பென்சில் முனை ஒடிந்துபோகும் அளவுக்கு அழுத்தியிருந்தான். கண் ஜன்னலைத்தான் பார்த்தது. ஆனால் அந்தக் கண்ணில் ஜன்னல் இல்லை. முகம் ஒரு பக்கம் இருக்க, ஆள் முழுக்க வேறு எங்கோ போக எழுந்துவிட்டதுபோல இருந்தது.

"இது எப்ப?"

"போன நவம்பர்க்கா. மாதிரித் தேர்வு. அசல் பரீட்சை மாதிரியே. யாரும் பேசக் கூடாது, மாடல் கொஞ்சங்கூட அசையக் கூடாது. அசைஞ்சா அத்தன பேருக்கும் கோணம் மாறிப்போயிரும். அப்ப அத்தை போன் அடிச்சுது. பை பின்னால ஆணில தொங்குது. மத்த கால் வந்தா வெறும் டிர்ர்ருங்கும். இது குயில் கூவுற சத்தம். குயில் சத்தம் உங்களுக்கு மட்டும்தான்னு எங்க எல்லாருக்கும் தெரியும்."

ருன்ஷியா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சு நின்னுச்சு. மறுபடி அடிச்சுது. மறுபடியும். டீச்சர் போய் அத அணைச்சுட்டாங்க. அத்தை ஆடவே இல்லக்கா. ஆனா நான் அதுவரைக்கும் வரைஞ்சது பூரா பொய்யாப் போயிருச்சு. அப்படியே தாளத் திருப்பிப்போட்டு மறுபடி ஆரம்பிச்சேன். நேரம் போதல. அதான் கோட்டு சரியா வரல. பெல் அடிச்சதும் அத்தை செருப்புகூடப் போடாம பையத் தூக்கிட்டு வெளிய ஓடிச்சு."

அன்றைக்கு ருன்ஷியா மாவட்ட மருத்துவமனையின் தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். வயிற்றில் மூன்று மாதமாக இருந்தது அன்று காலையில் இல்லாமல் போயிருந்தது. கணவன் ஊரில் இல்லை. யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை, அம்மாவைத் தவிர. மணி அடித்து ஓயும் அந்தச் சத்தம் பத்து வயதிலிருந்து அவள் கேட்டுவந்த சத்தம். அன்று அது தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா திருப்பிக் கூப்பிட்டாள். சாயங்காலமும் கூப்பிட்டாள், மறுநாளும். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள் ருன்ஷியா. அப்புறம் புத்தாண்டுக்கு ஒப்புக்கு நாலு வார்த்தை. "அன்னிக்கு எதுக்குடி கூப்ட்ட?" என்று அம்மா கேட்டாள். "சும்மாத்தான்," என்றாள். கடைசிவரைக்கும் சும்மாத்தான்.

"உக்காருங்கக்கா," என்றான் லௌ.

அவள் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழ் இமையில் சுண்ணக்கோல் ஒரு புள்ளி தொட்டிருந்தது. அழுகையா, வெறும் ஜன்னல் வெளிச்சமா என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னப் புள்ளி. வெளியே இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் தடதடவென்று ஓடி, மறுபடி மணி அடித்து அடங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத நான் எடுத்துக்கட்டுமா?"

"கோட்டு முடிக்கலயேக்கா. வேணும்னா ஒரு மணி நேரத்துல..."

"வேணாம். இதுல ஒண்ணும் கை வெக்காத."

கரி உதிராமல் இருக்க மேலே அடிக்கும் மருந்து தீர்ந்துபோயிருந்தது. லௌ டப்பாவைக் குலுக்கிப் பார்த்தான். ருன்ஷியா பையைத் திறந்து முடி ஸ்ப்ரேயை எடுத்தாள். "நாங்களும் காசில்லாதப்ப இதான் அடிப்போம்," என்றான் லௌ. படத்தைச் சுவரில் சாய்த்து, ஒரு கை தூரம் தள்ளி நின்று, கடையில் கல்யாணப் பெண்களுக்கு அடிக்கும் அதே லாகவத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய பனிபோலத் தூவினாள்.

மறுநாள் காலை பெரியப்பா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். மண்டபத்தில், கறுப்புச் சட்டம் போட்ட படத்தின் முன்னால் நின்று நெற்றியைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, கரியில? கலர் போட்டோ ஒண்ணு பெருசு பண்ணியிருக்கக் கூடாதா? ஏற்கெனவே ஊர்ல ஆயிரம் பேச்சு. இதுல வரைஞ்ச படத்தையே கொண்டாந்து வெச்சா?"

"பேசட்டும் பெரியப்பா."

"நேரா வேற பாக்கல. செத்தவங்க படம்னா வர்றவங்களப் பாக்கணும். இவ எங்கயோ பாத்துட்டு நிக்குறா."

"அம்மாவக் கூப்ட்டுட்டு இருக்காங்க. அதான்."

"யாரு?"

அவள் படத்தின் சட்டத்தைத் தொட்டு நேராக்கினாள். பெரியப்பா இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே சொல்வதுபோல, "லாய்திதான். அச்சு அசலா லாய்திதான்," என்றார்.

சின்ன மண்டபம். ஐந்தாறு பேருக்கு மேல் வரமாட்டார்கள் என்று சொல்லித்தான் எடுத்திருந்தாள். பயிற்சிக்கூடத்தில் சமைப்பவள் வந்தாள். யென் பழைய சூட்டில், தாடியை வாரி முடிந்து வந்தார். "தாடிய இன்னிக்குத்தான் உங்கம்மா பேச்சக் கேட்டு வாரியிருக்கேன். பாக்க அவ இல்ல," என்றார். பிறகு உட்கார ஒரு நாற்காலி கேட்டார்.

இசையைப் போட மண்டபத்து ஆள் கையைத் தூக்கியபோது வாசலில் பேருந்து நின்ற சத்தம் கேட்டது. காலை வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குவாங் டீச்சர் நாலாம் அறை மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அவர்களோடு இன்னும் சிலர், எப்போதோ தேறிப்போனவர்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். ஒருவன் இரவு முழுக்க ரயிலில் வந்ததாகச் சொன்னான். வரிசை மண்டபத்துக்குள் அடங்காமல் படி இறங்கி வெளியே போனது.

"யாரும்மா இவங்கல்லாம்?" பெரியப்பா காதோடு கேட்டார்.

"அம்மாவத் தெரிஞ்சவங்க பெரியப்பா."

ஒவ்வொருவராகப் படத்தின் முன் வந்து, ஒரு வெள்ளைச் சாமந்தியை வைத்துவிட்டு மூன்று முறை குனிந்தார்கள். குனிந்து நிமிர்ந்ததும் உடனே நகரவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, பழக்கதோஷத்தில் அந்த முகத்தை அளந்தார்கள். வாய் இறங்குவதை முதலில் கண்ட முன்வரிசைப் பெண் வந்தபோது அழுதுகொண்டே அளந்தாள். லௌ மட்டும் தலை நிமிர்த்தாமல், தன் படத்தைப் பார்க்காமல், குனிந்தபடியே போய்விட்டான்.

எல்லாரும் போனதும் ருன்ஷியா முன்னால் வந்தாள். குனிய மறந்து நின்றாள். வெளியே வண்டி காத்திருந்தது, பெரியப்பா இருமினார், யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

மண்டபத்து ஆள் சந்தடியில்லாமல் மேடையருகே வந்து, குவிந்திருந்த வெள்ளைச் சாமந்திகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தான். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான்.

"மன்னிக்கணும். பசங்க கையக்கூடக் கழுவாம வந்திருக்காங்க. எல்லாப் பூவும் கறையாயிருச்சு. உள்ள புதுசு இருக்கு, மாத்திடறேன்."

"வேணாம்," என்றாள் ருன்ஷியா. "அப்படியே இருக்கட்டும்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு, கையிலிருந்த பூவைத் திரும்ப வைத்தான். அதன் வெளி இதழில் ஒரு பெருவிரல் ரேகை, வளையம் வளையமாக, கறுப்பாகப் பதிந்திருந்தது.